வடதுருவத்தில் விட்டுவந்த ஷவர் தொப்பி

1. ஒரு தொப்பியின் வரலாறு

செத்தல் மிளகாய் எண்ணெயில் பொரிகிற மணம் வந்தால் என் கை தானாகக் குசினி லாச்சிக்கு, அடுப்புக்குப் பக்கத்து இழுப்பறைக்கு, போகும். அந்த லாச்சியில் ஹோட்டல்களிலிருந்து கொண்டுவந்த ஷவர் தொப்பிகள் இருக்கும். தலை நனையாமல் குளிப்பதற்கென்று வைக்கிற, ஓரத்தில் இலாஸ்டிக் தைத்த மெல்லிய பிளாஸ்டிக் தொப்பி. எங்கள் வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு யாரும் குளித்தது கிடையாது. ஸ்காபரோவில் மல்வேர்னிலிருந்து மோர்னிங்சைட் வரைக்கும் புலம்பெயர்ந்து வந்த நம்மவர் வீடுகளில் அது போய் உட்காருகிற இடம் ஒன்றுதான்: குசினி வாசலுக்கு வெளியே மேலே முகட்டில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டரின் தலை. மீன் பொரிக்கும்போது புகைக்கு அது கத்தாமல் இருக்கப் போடுவார்கள், பொரித்து முடிந்ததும் கழற்றுவார்கள். கழற்ற மறப்பதும் உண்டு.

இதில் மற்ற எல்லோரையும்விட வெட்கப்பட வேண்டியவன் நான். இருபத்தாறு வருடம் என் தொழிலே ஃபயர் அலார்ம். கட்டடம் கட்டடமாகப் போய், நீளத் தடியின் நுனியில் புகை டின்னை மாட்டி ஒவ்வொரு டிடெக்டருக்கும் புகை அடித்து, மணி அடிக்கிறதா என்று பார்த்து, 'எல்லாம் சரி' என்று கையெழுத்து வைக்கிற வேலை. மல்வேர்ன் அடுக்குமாடி வீடுகளில் எத்தனையோ தொப்பிகளைக் கழற்றியிருக்கிறேன். கழற்றும்போது வீட்டுக்காரருக்கு ஒரு பிரசங்கமும் வைப்பேன். ஒருநாள் ஒரு அன்ரி முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, உங்கட வீட்டில மீன் பொரிக்கிறேல்லையோ?" என்று கேட்டார்.

"அது வேற, அன்ரி" என்றேன்.

எப்படி வேறு என்று அவர் தோண்டவில்லை. நல்ல மனுசி.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கொம்பனியில் கேட்டார்கள். வயர் எப்படி இழுப்பது, பற்றரி எப்போது மாற்றுவது எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் எழுதப்போவது புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் எனக்கு மானம் போயிருக்காது.

2. தடிச்ச ஜக்கெற்

எங்கள் மனேஜர் டோனி இத்தாலிக்காரர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் எங்கள் பேச்சில் எழுதுகிறேன். ஓகஸ்ட் மாதம், வியர்த்துக் கொட்டுகிற ஒரு காலையில் கூப்பிட்டார்.

"பரா, உன்னட்டத் தடிச்ச ஜக்கெற் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"அதைவிடத் தடிப்பா ஒண்டு வாங்கு."

வட துருவத்துக்குக் கிட்ட, மரமே முளைக்காத ஒரு தீவில் ஓர் ஆராய்ச்சி நிலையம். பனிக்கட்டியையும் காற்றையும் அளக்கிறவர்கள் இருக்கிற இடம். செப்டம்பர் தொடங்கியதும் கடைசி விமானம் திரும்பிவிடும். பிறகு சூரியன் திரும்ப வரும்வரை ஒன்பது பேர் மட்டும் அங்கே இருப்பார்கள். அவர்களை விட்டுவிட்டு விமானம் புறப்படுவதற்கு முன்னால் தீ பாதுகாப்பு ஏற்பாடுகளை ஒருவர் சோதித்துக் கையெழுத்து வைக்க வேண்டும். வழமையாகப் போகிறவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. ஆகவே நான்.

"அங்க முழுக்க ஐஸ்தானே டோனி, என்ன எரியப்போகுது?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியை நான் கேட்டேன் என்பதை நீங்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம். அத்தனை வருட அனுபவம் பேசியது.

மூன்று விமானம் மாறி, வடக்கே ஒரு சின்ன ஊரில் காற்று அடங்கட்டும் என்று இரண்டு நாள் ஹோட்டலில் கிடந்து போய்ச் சேர்ந்தேன். அந்த ஹோட்டல் குளியலறையில் ஷவர் தொப்பி இருந்தது. இரண்டு நாளைக்கு இரண்டு. பழக்கதோஷம், ஒன்றைப் பெட்டிக்குள்ளும் மற்றதைக் காற்சட்டைப் பைக்குள்ளும் போட்டுக்கொண்டேன்.

3. முதல் நாளே செத்தேன்

விமானத்தால் இறங்கியதும் கூட்டிப்போக வந்தது ஒரு பெண். கண் மட்டும் தெரிகிற அளவுக்கு மூடிக் கட்டியிருந்தாள். "வெல்கம்" என்றாள். என் பெயர் எழுதிய கடிதத்தைப் பார்த்தாள். பிறகு முகத்துணியை இழுத்துவிட்டு, "அங்கிள், நீங்க தமிழா?" என்று கேட்டாள்.

பெயர் யாழினி. பிறந்து வளர்ந்தது மோர்னிங்சைட்டில், தாய்தகப்பன் மட்டக்களப்பு. பனிக்கட்டியைத் துளைத்து எடுத்து ஆராய்கிற கலாநிதி. பூமியின் உச்சந்தலையில் வந்து ஒரு தமிழ்ப் பிள்ளையைக் கண்ட சந்தோசத்தில் நான் கதைக்கத் தொடங்க, அவள் கையை உயர்த்தினாள்.

"அங்கிள், முதல்ல சேஃப்டி. ஐ ஆம் த ஃபயர் சீஃப் ஹியர்."

அங்கே தீயணைப்புப் படை கிடையாது. கூப்பிட்டால் வருவதற்கு ஒருவரும் இல்லை. ஆகவே இருக்கிற ஒன்பது பேரும்தான் படை, அதற்கு இவள் தலைவி. நடந்துகொண்டே சொன்னாள். அங்கே காற்றில் ஈரம் என்பதே இல்லை. மேசை, கதிரை, சுவர்ப்பலகை எல்லாம் உலர்ந்து கருவாடாகக் கிடக்கிறது. தண்ணீர் என்றால் பனியை உருக்கி எடுப்பதுதான். குழாயில் தண்ணீரை வைத்தால் உறைந்து வெடிக்கும். காற்று வேறு. நெருப்புப் பிடித்தால் முழுக் கட்டடமும் போகும். நெருப்புக்குத் தப்பி வெளியே ஓடினவரைக் குளிர் கொல்லும். அதற்காக இருநூறு அடி தள்ளி ஒரு தனிக் குடில் வைத்திருந்தார்கள். உள்ளே சாப்பாடு, படுக்கைப் பை, ஹீற்றர், றேடியோ. மணி அடித்தால் எல்லோரும் மூன்று நிமிடத்துக்குள் அதற்குள் நிற்க வேண்டும்.

ஐஸில் என்ன எரியும் என்று டோனியிடம் கேட்டது நினைவுக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

பின்னேரம் நான் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கும்போது மணி அடித்தது. ஓர் உண்மையைச் சொல்கிறேன். அலார்ம் வேலை செய்கிறவன் அலார்ம் அடித்தால் வெளியே ஓடமாட்டான். எந்த டிடெக்டர் அடிக்கிறது என்று பார்க்க, சுவரிலிருக்கும் கட்டுப்பாட்டுப் பெனலுக்குத்தான் ஓடுவான். நானும் ஓடினேன். பெனலுக்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, திரையில் ஓடுகிற எழுத்தைச் சாவகாசமாக வாசித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சப்பாத்தில் பனியோடு யாழினி உள்ளே வந்தாள்.

"அங்கிள், இது ட்ரில். எல்லாரும் குடிலுக்குள்ள நிக்கிறம். எண்ணிப் பாத்தா ஒராள் குறையுது."

"நான் எந்த டிவைஸ் எண்டு பாத்தனான்..."

"நீங்க செத்துட்டீங்க, அங்கிள்."

இரவுச் சாப்பாட்டுக்குப் போனால் சுவரிலுள்ள வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதியிருந்தது: இன்று இறந்தவர்கள், ஒருவர். பெயர், பரா. தொழில், தீ பாதுகாப்புப் பரிசோதகர். எட்டுப் பேர் என்னைப் பார்த்துத் துக்கம் விசாரித்தார்கள். சமையல்காரர் எனக்கு மட்டும் சாப்பாட்டுக் கோப்பை வைக்கவில்லை, செத்தவனுக்கு எதற்கு என்று. கேட்டுத்தான் வாங்கினேன்.

4. அறுபத்தெட்டு டிடெக்டர்

அடுத்த நான்கு நாளும் வேலை செய்தேன். நன்றாகவே செய்தேன், அதை நானே சொல்லிக்கொள்கிறேன். மொத்தம் அறுபத்தெட்டு டிடெக்டர். ஒவ்வொன்றுக்கும் புகை அடித்தேன். தீயணைப்பான்களை நிறுத்துப் பார்த்தேன். தண்ணீருக்குப் பதிலாகக் காற்று நிரப்பி வைத்திருந்த குழாய்களின் அழுத்தத்தைப் பார்த்தேன். காற்றுப்போக்கி வழியாக மாவு மாதிரி நுண்பனி உள்ளே புகுந்து, அதைப் புகை என்று நினைத்து மணி அடித்துக்கொண்டிருந்த ஒரு டிடெக்டரை இடம் மாற்றினேன். யாழினி என் பின்னாலேயே குறிப்பெழுதுகிற ஒரு கொப்பியோடு வந்தாள். ஒன்றையும் விட்டுவைக்கிற பிள்ளை இல்லை. நான் ஒரு டிடெக்டரைத் தாண்டிப்போனால் "அங்கிள், பின்னுக்கு ஒண்டு" என்பாள்.

இரண்டு விஷயத்தை அப்போது கண்டேன், கண்டும் காணாதவன் ஆனேன். யாழினியின் அறையில் புகை அடிக்கும்போது சந்தன வாசம் மெல்லிதாக வந்தது. குளிக்க நல்ல சவர்க்காரம் பாவிக்கிறாள் என்று நினைத்தேன். ஈரச் சப்பாத்து, கையுறை எல்லாம் காயப்போடுகிற அறையில் டிடெக்டரைச் சுற்றி நீலக் கம்பளி நூல் ஒன்று ஒட்டியிருந்தது. ஊதிவிட்டேன்.

அறுபத்தெட்டும் பாஸ். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். யாழினியும் வைத்தாள். அவளுக்கு அந்தக் கையெழுத்து பெரிய காரியம். நான் வைக்காவிட்டால் நிலையத்தைப் பூட்டிவிட்டு ஒன்பது பேரும் திரும்ப வேண்டும், அவளுடைய மூன்று வருட வேலை பாதியில் நிற்கும்.

"தாங்க்ஸ் அங்கிள்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டாள்.

5. நான் செய்தது

விமானம் வரவில்லை, மேகம். ஒரு நாள் சும்மா கிடைத்தது. யாழினி தன் அறையிலிருந்து ஒரு பையைக் கொண்டுவந்தாள். அம்மா கட்டிக் கொடுத்த செத்தல் மிளகாய், மிளகாய்த்தூள், கருவேப்பிலை. எட்டு மாதமாக உருளைக்கிழங்கு மசியலும் சீஸும் சாப்பிட்ட பிள்ளை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகப் போய்விட்டது. சமையல்காரர் குளிர்பெட்டியிலிருந்து அந்தப் பக்கத்து மீன் ஒன்றை எடுத்துத் தந்தார், சிவந்த சதை, என் கை நீளம். நான் ஏப்ரனைக் கட்டினேன்.

குசினிக்குள் இருப்பது வெப்பத்துக்கு மட்டும் அடிக்கிற டிடெக்டர். அது பொரியலுக்கு அசையாது. ஆனால் வாசலுக்கு வெளியே, எல்லோரும் படுக்கிற அறைகளுக்குப் போகிற நடையில், ஸ்மோக் டிடெக்டர் ஒன்று இருக்கிறது. நாற்பத்தோராம் இலக்கம். சட்டி காய்ந்து, மிளகாயைப் போட்டதும் அந்த வாசம் எழும்ப, என் கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போனது. ஹோட்டல் தொப்பி. கதிரையில் ஏறினேன். போட்டேன். இறங்கினேன். மீனைத் திருப்பிப் போட்டேன்.

இதற்கு முறையான வழி ஒன்று இருக்கிறது. ஃபயர் சீஃபிடம் சொல்லி, பெனலில் அந்த ஒரு டிடெக்டரை மட்டும் நிறுத்தி, புத்தகத்தில் எழுதி, ஒராள் காவல் நிற்க வேண்டும். ஆயிரம் பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் கேட்டால் அந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும், மீனும் இல்லாமல் போகும். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை, யோசித்தேன் என்று சொன்னால் பொய்.

மீன் பிரமாதமாக வந்தது. இருமி இருமி, கண்ணால் மூக்கால் தண்ணி ஓட ஓட ஒன்பது பேரும் சாப்பிட்டார்கள். மெக்கானிக் ஒருவர், தாடிக்காரர், மூன்றாம் முறை போட்டுக்கொண்டு அழுதார். வெள்ளைப் பலகையில் என் பெயருக்குப் பக்கத்தில் 'உயிர்த்தெழுந்தார்' என்று எழுதினார்கள். அந்த நேரம் பார்த்து றேடியோ கத்தியது. மேகம் விலகிவிட்டது, விமானம் நாற்பது நிமிடத்தில் இறங்கும், தாமதித்தால் இன்னும் ஏழு நாள், அடுத்த கிழமைதான்.

ஓடினேன். பெட்டி, தடி, புகை டின், ஜக்கெற், எல்லாம் எடுத்தேன். யாழினி கை காட்டினாள். விமானம் எழும்பியது. அந்த வெள்ளை வெளிக்குள் சிவப்பு நிறக் கட்டடம் சின்னதாகிப் போவதைப் பார்த்து, நல்ல வேலை ஒன்று செய்தோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

6. மல்வேர்ன், சனிக்கிழமை மத்தியானம்

வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள். என் மனைவி மலர் அடுப்படியில் நிற்கிறாள். சட்டியில் சூடை மீன்.

"இஞ்சருங்கோ, தொப்பியைப் போடுங்கோ."

லாச்சியை இழுத்தேன். வடக்கிலிருந்து கொண்டுவந்த தொப்பி மேலாகக் கிடந்தது. ஒன்று. எடுத்தேன், கதிரையில் ஏறினேன், கையை உயர்த்தினேன். கை அந்தரத்தில் நின்றது.

ஒன்றா?

கதிரையில் நின்றபடியே எண்ணினேன். இரண்டு எடுத்தேன். ஒன்று இங்கே. மற்றது நாற்பத்தொன்றின் தலையில். நான்கு நாளாக.

"என்னப்பா, சிலை மாதிரி நிக்கிறியள்? மணி அடிக்கப்போகுது!"

"மலர், அடுப்பை நிப்பாட்டும்."

சொன்னேன். அவள் கரண்டியோடு கேட்டுக்கொண்டு நின்றாள். தொப்பி போட்டால் பெனலுக்குத் தெரியாது, அதுதான் பயங்கரம். வயர் அறுந்தால் கத்தும், பற்றரி செத்தால் கத்தும். தொப்பி போட்டால் பச்சை விளக்கோடு எல்லாம் சுகம் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். கீழே என் கையெழுத்து வேறு. குசினிப் பக்கம் ஏதும் பிடித்து, எல்லோரும் நித்திரையாக இருந்தால், புகை அந்த நடையால்தான் வரும்.

"அப்ப ஃபோன் பண்ணுங்கோ" என்றாள்.

"பண்ணினா என்ர லைசென்ஸ் போயிரும்."

"கழட்டச் சொல்லித்தானே சொல்லப்போறியள்?"

"சும்மா கழட்டச் சொல்லேலாது. அந்தப் பிள்ளை றிப்போட் எழுதும். அது ஆளை விடாது. திங்கக்கிழமை டோனியோட கதைச்சு, ஒரு ஈமெயில் மாதிரி, வழமையான நினைவூட்டல் எண்டு..."

"திங்கள் வரும் மட்டும் அங்க ஒண்டும் எரியாதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

நான் கதிரையால் இறங்கினேன்.

"ஒன்பது பேர் நித்திரை கொள்ளுற இடம். அதில எங்கட பிள்ளை ஒண்டு. ஊர் முழுக்கத் தொப்பிக்குப் பிரசங்கம் வைக்கிற ஆள். எடுங்கோ ஃபோனை."

எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை. அவள் சரியாகச் சொல்லிவிட்டாளே என்ற கோபம்.

7. செய்மதி வழியாக ஒரு பாவமன்னிப்பு

நிலையத்துக்கு ஃபோன் செயற்கைக்கோள், அதாவது செய்மதி வழியாகத்தான் போகும்; அந்த லைனில் ஒரு கஷ்டம். நாம் சொல்வது அங்கே போய்ச் சேர இரண்டு செக்கன், பதில் வர இரண்டு செக்கன். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு அதைவிட மோசமான லைன் உலகத்தில் இல்லை.

"யாழினி, நான் பரா அங்கிள். உங்கட நாற்பத்தோராம் நம்பர் டிடெக்டரில ஒரு ஷவர் தொப்பி இருக்கு. நான்தான் போட்டனான். மீன் பொரிக்கேக்க. கழட்ட மறந்துபோனன்."

இரண்டு செக்கன் போனது. நாலு போனது. பத்துப் போனது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறுந்திருக்கக் கூடாதா என்றும் ஆசைப்பட்டேன்.

"ஹோல்ட் ஒன், அங்கிள்."

காலடிச் சத்தம். கதிரை இழுபடுகிற சத்தம். திரும்பி வந்தாள்.

"கழட்டிட்டன்."

"புகை அடிச்சுச் சோதிச்சுப் பாரும். பிறகு றிப்போட் எழுதும். என்ர பேரைப் போட்டே எழுதும். நான் பிழை விட்டுட்டன், பிள்ளை."

மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது.

"அங்கிள்... என்ட ரூம்லயும் ஒண்டு இருக்கு."

"என்ன ஒண்டு?"

"ஷவர் கேப். வெள்ளிக்கிழமையில ஒரு ஊதுபத்தி கொளுத்துறனான். ஒண்டே ஒண்டு. அம்மாவுக்கு ப்ராமிஸ் பண்ணினனான், சாமிக்கு. அதான் மூடி வச்சன்."

சந்தன சவர்க்காரம்!

"நான் வந்து சோதிக்கேக்க இருக்கேல்லையே?"

"கழட்டி ட்ரோவருக்குள்ள வச்சனான். நீங்க போனாப் பிறகு திருப்பிப் போட்டனான்."

என்னை வெள்ளைப் பலகையில் சாகடித்த ஃபயர் சீஃப். கொப்பியோடு என் பின்னால் திரிந்தவள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினேன், முடியவில்லை. அந்தப் பக்கமும் ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் அழுகிறாள்.

"எங்கட வீட்டில சின்ன வயசிலயே எப்பவும் இருக்கும், அங்கிள். ஐ நெவர் ஈவன் தோட் அபௌட் இட். அது ஒரு சாமான் மாதிரி. லைட் ஷேட் மாதிரி. ஒன்பது பேரின்ட உயிர் என்ட பொறுப்பு."

"எங்கட வீட்டிலயும் இருக்கு" என்றேன். "இப்ப என்ர கையில இருக்கு."

8. ஐந்து

அடுத்த நாள் யாழினி ஈமெயில் எழுதியிருந்தாள். மற்ற எட்டுப் பேரையும் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டு, இரண்டு தொப்பியையும் மேசையில் வைத்தாளாம். "இது பரிசோதகர் விட்டது. இது நான் விட்டது. வேற ஆரும் இருக்கிறீங்களா?" என்று கேட்டாளாம். பிறகு ஒருவர் எழும்பிப்போய் ஒரு கறுப்புக் காலுறையைக் கொண்டுவந்தார். டிடெக்டரில் மினுங்குகிற வெளிச்சத்தால் நித்திரை வரவில்லையாம். இன்னொருவர் ரப்பர் கையுறை ஒன்று. கடைசியாகத் தாடிக்கார மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு போய், சப்பாத்து காயப்போடுகிற அறையிலிருந்து ஒரு நீலக் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து வைத்தார். ஈர ஆவிக்கு அடிக்கடி மணி அடித்துத் தொல்லையாம். எல்லாம் நான் வருகிறேன் என்று கழற்றி வைத்து, நான் போனதும் திருப்பிப் போட்டவை. அந்த நீல நூலை ஊதிவிட்டது இந்த வாய்தான்.

அறுபத்தெட்டில் ஐந்து குருடு. என் கையெழுத்து அறுபத்தெட்டுக்கும்.

றிப்போட்டில் இரண்டு பெயரும் இருந்தன, அவளுடையது முதலில். டோனி அதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "மீன் எண்டாலும் நல்லா இருந்ததோ?" என்று கேட்டார். ஆறு கிழமை கையெழுத்து வைக்க விடவில்லை. தொழில் பழகுகிற ஆரம்ப வகுப்புக்குத் திரும்ப அனுப்பினார். என் மகளைவிட வயது குறைந்த பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் உட்கார்ந்து, ஸ்மோக் டிடெக்டர் என்றால் என்ன என்று படித்தேன். ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: டிடெக்டரை மூடினால் பெனல் காட்டுமா? கை உயர்த்தினது நான் ஒருவன்தான்.

யாழினியின் ஃபயர் சீஃப் பதவியை எடுத்துவிட்டு வேறொருவரைப் போட வாக்கெடுத்தார்களாம். வேறு ஒருவரும் முன்வரவில்லை. அவளே தொடர்ந்தாள். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்கு பற்றரி விளக்கு.

9. கணக்குச் சரி

நவம்பரில் ஒரு மத்தியானம் ஃபோன் வந்தது. அங்கே அந்த மாதத்தில் மத்தியானமும் இருட்டுத்தான். செய்மதிச் சத்தம் கேட்டதுமே எழும்பி நின்றுவிட்டேன்.

"அங்கிள், பயப்படாதீங்க. எல்லாரும் ஓகே."

சப்பாத்து காயப்போடுகிற அறை. கொடியில் தொங்கிய கையுறை ஒன்று வழுகி ஹீற்றர் மேல் விழுந்திருக்கிறது. எல்லோரும் கட்டடத்தின் மற்றப் பக்கத்தில் சாப்பாட்டில். கையுறை கருகி, பக்கத்துச் சுவர்ப்பலகையும் கருகத் தொடங்க, டிடெக்டர் அடித்தது. கம்பளித் தொப்பி இல்லாத டிடெக்டர். மெக்கானிக்கும் யாழினியும் ஒரே ஒரு தீயணைப்பானோடு அணைத்தார்கள். மற்ற ஏழு பேரும் குடிலுக்கு ஓடினார்கள். பிறகு இவர்களும் போய்ச் சேர்ந்தார்கள்.

"நான் எண்ணினன், அங்கிள். ஒருக்கா இல்ல, மூண்டு தரம். ஒன்பது பேர். கணக்குச் சரி."

நான் ஃபோனைப் பிடித்தபடி குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். மலர் என் முகத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவந்தாள். அன்று சனிக்கிழமை நான் வெட்கத்துக்குப் பயந்து திங்கள் வரட்டும் என்று விட்டு, திங்கள் ஒரு வழுவழுத்த ஈமெயில் அனுப்பியிருந்தால், நாற்பத்தொன்று மட்டும் திறந்திருக்கும். யாழினியும் வாய் திறந்திருக்க மாட்டாள், அந்த நீலத் தொப்பியும் அங்கேயே இருந்திருக்கும்.

ஆகவே பிள்ளைகளே, நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்தால் எல்லா டிடெக்டரும் பாஸ் ஆகும். கையெழுத்து வைத்து, தேத்தண்ணி குடித்து, போய்வருகிறேன் என்று சொல்லி, பிறகு ஒன்றை மறந்ததுபோல் திரும்ப உள்ளே போய் ஒரு சுற்றுப் பாருங்கள். நீங்களே பிழை விட்டால் அன்றைக்கே சொல்லுங்கள். உங்கள் பிழையைக் கேட்டால்தான் மற்றவர் தன் பிழையைச் சொல்லுவார்.

எங்கள் வீட்டு லாச்சியில் இப்போது தொப்பி இல்லை. டிடெக்டரைக் குசினியிலிருந்து தள்ளி, இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். ஆனாலும் சூடை பொரிக்கிற நாளில் அது விடாது. போன தை மாதமும் அடித்தது. நான் எதனால் அடிக்கிறது என்று பார்க்கப் போகவில்லை. அடுப்பை நிப்பாட்டிவிட்டு மலரையும் இழுத்துக்கொண்டு வெளியே போய், ட்ரைவ்வேயில் பனிக்குள் வீட்டுச் செருப்போடு நின்றோம். முன்வீட்டு ஆள் யன்னலால் பார்த்தார்.

மலர் என்னைப் பார்த்தாள். விரலால் என் நெஞ்சைத் தொட்டு "ஒண்டு" என்றாள். தன் நெஞ்சைத் தொட்டு "ரெண்டு" என்றாள்.

"கணக்குச் சரி" என்றாள். "இனி உள்ள போவமா? மீன் ஆறுது."